பேர் சொல்லும் வியாழக்கிழமை

கணபதிராமனின் இடது கால் சுண்டுவிரலைத் திங்கட்கிழமை எடுத்தாக வேண்டும். இன்னும் தள்ளிப்போட்டால் பாதமே போய்விடும் என்று சர்ஜன் கறாராகச் சொல்லிவிட்டார். கையெழுத்துப் போட வேண்டிய சம்மதப் படிவம் நாலு நாளாக அவர் சட்டைப்பையில் மடிந்து கிடந்தது. முப்பத்தைந்து வருஷம் ரயிலில் கார்டாக இருந்தவர். அவர் பச்சைக்கொடி காட்டாமல் ஒரு வண்டியும் நகர்ந்ததில்லை. இப்போது ஆஸ்பத்திரியே காத்திருந்தது, மனுஷர் கொடியை எடுப்பதாக இல்லை.

கத்திக்குப் பயமா என்றால் இல்லை என்பார். சுத்தப் பொய். ஆனால் அதைவிடப் பெரிய பயம் மனைவி வாலாம்பாளிடம் சொல்வது. சர்க்கரை வியாதி அவளுக்குத் தெரியும், புண் தெரியாது. மைசூர்க் குளிர் என்று சொல்லி நாலு மாதமாக வீட்டிலும் காலுறை போட்டே ஓட்டிக்கொண்டிருந்தார். தெரிந்தால் அடுப்படியிலேயே சாய்ந்துவிடுவாள் என்பது அவர் கட்சி.

அந்த ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமைதோறும் டாக்டர் மாதேவி ஒரு கூட்டம் நடத்தினாள். பெங்களூரில் மனநல மருத்துவம் படித்துவிட்டு வந்த சின்னப் பெண். தீராத வியாதிக்காரர்களை வட்டமாக உட்கார வைத்துப் பேச விடுவாள். சட்டம் இரண்டுதான். பக்கத்தில் இருப்பவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். கேட்கப்பட்டவர் 'நன்றாக இருக்கிறேன்' என்று மட்டும் சொல்லக்கூடாது. கர்நாடகம் என்று மாநிலத்துக்குப் பேர் மாறி மூன்று வருஷமாகியிருந்தது. மாதேவி சொன்ன இந்தச் சங்கதி அதைவிடப் புதிதாக இருந்தது கணபதிராமனுக்கு.

அவர் முறை வரும்போதெல்லாம் ரயில் கதை சொல்லித் தப்பித்துக்கொள்வார். பட்டு ஃபாக்டரியில் வேலை பார்க்கும் ஆஸ்துமாக்காரர் பசவராஜ் விட மாட்டார்.

"ஸார், உங்க வண்டி எப்பவும் அரசிக்கெரேயிலயே நிக்குதல்லவா? மைசூருக்கு யாவாக, எப்போ ஸார் வருது?"

எல்லோரும் சிரிப்பார்கள், கணபதிராமனும் சிரிப்பார், நேரம் முடிந்துவிடும். வீட்டில் கேட்டால் பென்ஷன்தாரர் சங்கத்துக்குப் போய் வந்ததாகச் சொல்வார். வாலாம்பாளும் துருவ மாட்டாள். செவ்வாய்க்கிழமைகளில் அவளுக்குப் பஜனை இருந்தது.

அந்த வியாழக்கிழமை நாலு நாற்காலி கூடுதலாகக் கிடந்தது. பெண்களுக்கென்று நடக்கும் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தின் அறைக்கு வெள்ளையடிப்பதால் அவர்களும் இன்று இங்கே என்றாள் மாதேவி. வரும் வழியில் அந்த அறையைப் பார்த்தவர் கணபதிராமன். ஒரு சொட்டுச் சுண்ணாம்பு இல்லை. அதை யோசிப்பதற்குள் நாலு பெண்கள் உள்ளே வந்தார்கள். மூன்றாவதாக வந்தவள் வாலாம்பாள்.

அவருக்கு வியர்த்தது. அவள் பதறவே இல்லை. மற்ற மூவரும் உட்கார்ந்த பிறகு காலியாக இருந்த ஒரே நாற்காலி அவர் பக்கத்தில்தான். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"இங்கே என்ன பண்றே?" என்று கிசுகிசுத்தார்.

"ரத்தக் கொதிப்பு. ரெண்டு வருஷமா. மாத்திரை பெருங்காய டப்பாவில இருக்கு."

வட்டம் சுற்றி வந்தது. வாலாம்பாள் முறை. பக்கத்தில் இருப்பவரைப் பேர் சொல்லிக் கேட்க வேண்டும்.

கணபதிராமனுக்கு அவள்மேல் இரக்கம் பொத்துக்கொண்டு வந்தது. நாற்பது வருஷத்தில் அவள் அவர் பேரைச் சொன்னதே கிடையாது. ரேஷன் ஆபீஸில் கேட்டால்கூட, "பிள்ளையார் பேரு, அப்புறம் அயோத்தி ராஜா பேரு" என்பாள். குமாஸ்தா தலையில் அடித்துக்கொண்டு எழுதுவான். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவள் அம்மா சொல்லி வைத்திருந்தாள்.

"இவளை விட்டுடுங்கோ டாக்டர், பழக்கமில்லை" என்றார்.

வாலாம்பாள் மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"கணபதிராமன்."

அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. எத்தனையோ ஸ்டேஷன் மாஸ்டர்கள் கூப்பிட்ட பேர்தான். இப்படி ஒரு தடவையும் கேட்டதில்லை.

"கணபதிராமன், இன்னிக்கு உங்களுக்கு எப்படி இருக்கு? அந்தக் காலுறையைத் தோய்க்கிறது யாருன்னு நினைச்சேள்? நாலு மாசமா நேக்குத் தெரியும். நீங்களா சொல்லணும்னு காத்திருந்தேன். பேரைச் சொன்னா ஆயுசு குறையும்னா அம்மா. இப்போ நான் வாயை மூடிண்டிருந்தாத்தான் குறையும்போல இருக்கு."

கணபதிராமன் தரையைப் பார்த்தார். ரயில் கதை ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"பயமா இருக்கு, வாலாம்பா" என்றார். சொன்னதும் அழுதார். அவள் எல்லோர் முன்னாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அதுவும் நாற்பது வருஷத்தில் முதல் தடவை.

படிவத்தில் பசவராஜின் பேனாவால் கையெழுத்துப் போட்டார். திரும்பும்போது டாங்கா குதிரைவண்டியில் அவருக்கு ஒரு நப்பாசை.

"இன்னொரு தடவை சொல்லேன்."

"என்னத்தை?"

"பேரைத்தான்."

"போறுமே, ஏன்னா! வண்டிக்காரன் காதுல விழப்போறது."

திங்கட்கிழமை விரல் போகப்போகிறது. கணபதிராமன் அதை மறந்துவிட்டு, கட்டுப்போட்ட காலோடு அடுத்த வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு வர விடுவார்களா என்று கவலைப்பட ஆரம்பித்தார்.