கூரைத் தண்ணீர்

தையல்காரர் பிடிவாதக்காரர். கூரையில் விழும் மழை ஒரு சொட்டுக்கூடத் தெருவுக்குப் போகக் கூடாதென்று நான்கு மூலைக் குழாய்களையும் ஒன்றாக்கி, கொல்லையில் கட்டிய நிலத்தடித் தொட்டிக்குள் விட்டிருந்தார். வீட்டுக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். கத்தரிச் செடிகளெல்லாம் தலையைத் தொங்கப் போட்டிருந்தன.

"ரெண்டு மாசமா மெஷின்ல ஒரு சட்டை ஏறல. குழி தோண்டிக்கிட்டு இருக்காரு மனுஷன்," என்று மனைவி அக்கம்பக்கத்தில் புலம்பித் தீர்த்தாள்.

அன்று பிற்பகல் வானம் மூடிக்கொண்டு வந்தது. முதல் மழைக்கு முன் தொட்டியில் கிடந்த சிமெண்டுத் தூளைக் கூட்டி அள்ளிவிட வேண்டுமென்று ஏணி போட்டு இறங்கினார். வேலை முடிந்து ஏறும்போது மூன்றாவது படி முறிந்தது. ஏணியும் இரண்டாகப் பிளந்து அவரோடு உள்ளே விழுந்தது. கணுக்கால் பிசகிவிட்டது.

ஒன்றரை ஆள் ஆழம். மேலே, முறத்தளவு வானம். கையை நீட்டினால் விளிம்புக்கு ஒரு முழம் குறைந்தது. சுவரோ வழவழவென்று பூசியிருந்தது. நன்றாகப் பூசச் சொன்னதும் அவரேதான்.

மழை பிடித்தது. தூறலெல்லாம் இல்லை, எடுத்த எடுப்பிலேயே கொட்டியது. குழாயின் வாய் அவர் தலைக்கு மேல் திறந்துகொண்டது.

"அடியே! ஏய், இங்க வா!"

தகரக் கூரையின் இரைச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. சட்டையைக் கழற்றிச் சுருட்டி, உடைந்த ஏணிக் கம்பால் குழாய்க்குள் திணித்தார். குழாய் அதை முகத்திலேயே துப்பியது. தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. நீச்சல் தெரியாது. கம்பால் குழாயைத் தட்டத் தொடங்கினார். கை மரத்துப் போகும்வரை தட்டினார்.

அந்தக் குழாய் சமையலறைச் சுவரை ஒட்டித்தான் போனது. சுவரே தட்டுகிறதே என்று மனைவி நனைந்துகொண்டு ஓடிவந்தாள். குழாய் போன வழியே வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, உள்ள என்னங்க பண்றீங்க?"

"குழாய ஒடை! சீக்கிரம்!"

கடப்பாரையைத் தூக்கிவந்தாள்.

"இணைப்புல மட்டும் பாத்து அடி. குழாய் புதுசு!"

"வாய மூடுங்க!"

இரண்டே அடி. குழாய் பிளந்து தண்ணீர் முற்றத்தில் பாய்ந்தது. மார்பளவில் நின்றுபோன தண்ணீருக்குள் தையல்காரர் கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டுக் கொத்தனாரை அவள் கத்திக் கூப்பிட்டு, அவர் கயிறோடு வந்து சேர்வதற்குள் ஒரு யுகம் போனது போலிருந்தது.

வெளியே வந்தும் அவருக்கு மூச்சு சீராகவில்லை. அறைக் கதவைச் சாத்தப் போனவளிடம், "தெறந்தே இருக்கட்டும்," என்றார்.

மறுவாரம் கொத்தனார் தொட்டிச் சுவரில் இரும்புப் படிகள் பதித்தார். குழாயை ஒட்டவைத்தது மனைவிதான். மழையைத் திருப்பிவிட மேலேயே ஒரு அடைப்பானும் போடச் சொன்னாள்.

"தொட்டியில நிக்கிற அவ்வளவு தண்ணியையும் வீணாக்கவா? ஒரு மாசத்துக்குச் செடிக்கு ஆகும்," என்று வாளியில் மொண்டு ஊற்றினாள். கத்தரி நிமிர்ந்தது, பூவும் விட்டது.

தையல்காரர் வாசல் பக்கம் மெஷினைப் போட்டுத் தைத்தார். கொல்லைக்கு இன்னும் அவர் போகவில்லை.