மூத்த மருமகளுக்கு ஒரு ஜெபம்

மனைவியை அடக்கம் செய்து ஒன்றரை மாதம் ஆகியும் மீட்டர்காரருக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. குழியில் மண் போட்டபோதும் வரவில்லை, அவளுடைய மூக்குக்கண்ணாடியை மடித்துப் பெட்டியில் வைத்தபோதும் வரவில்லை. சபையில் நாலு பேர் அதை விசுவாசம் என்று மெச்சிக்கொண்டார்கள். விசுவாசமுமில்லை, ஒரு மண்ணாங்கட்டியுமில்லை என்பது அவருக்குத் தெரியும். உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. சோறு சோறாக ருசிக்கவில்லை, முழங்கால் போட்டால் வாயில் ஒரு வார்த்தை எழவில்லை. சபை மூப்பருக்கு ஜெபம் வரவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அவளுக்காக ஜெபிக்கவும் வழியில்லை. இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் அவர்கள் சபையில் கிடையாது. "அவங்க பத்திரமா போய்ச் சேந்துட்டாங்க ஐயா, இனிமே நாம கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல" என்று பாஸ்டரும் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் கடைசிக் கதவையும் சாத்திவிட்டுப் போன மாதிரி இருந்தது.

மிச்சமிருந்தது அவளுடைய ஜெபக்குறிப்பு நோட்டு ஒன்றுதான். தினமும் அதை வைத்துக்கொண்டுதான் ஜெபிப்பாள். 'மூத்த மருமகள், ஏழாம் மாதம். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும். வக்கீல் தம்பி, குடி நிற்க வேண்டும். சமையல்காரப் பெண், பெற்ற தாயைக் காண வேண்டும்.' அவர் அதை மாலைதோறும் உரக்க வாசித்து ஆமென் சொன்னார். வேலையில் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் எண்ணைப் பார்த்துக் குறிப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வாயாவது அசைந்ததே, அதுவரைக்கும் சரி.

ஏழாம் மாதம் என்று எழுதி இரண்டு மாதம் ஓடிவிட்டது. அப்படியானால் அந்தப் பெண்ணுக்கு இது பேறுகால நேரம். யார் வீட்டு மருமகளோ, தனக்காக ஜெபித்தவள் இறந்தது அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ, ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஆராதனை முடிந்ததும் பெண்கள் சங்கத்தில் விசாரித்தார். ஒருத்திக்கும் தெரியவில்லை. "தையக்கார அம்மாவைக் கேளுங்க ஐயா. தினம் மத்தியானம் ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே ஜெபிப்பாங்க" என்றார்கள்.

மறுநாள் மதியம், அந்தத் தெருவில் மீட்டர் எடுக்கும் சாக்கில், தையல்காரி வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே பேச்சுச் சத்தம் சட்டென்று நின்றது. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு கதவைத் திறந்தவள், "வாங்கண்ணே" என்று சொல்லி முடிப்பதற்குள் முகம் வெளுத்துப்போனாள்.

வெளுக்காமல் என்ன செய்யும்? டி.வி. என்றாலே இந்த மனிதருக்கு ஆகாது. இருபது வருடத்துக்கு முன்னால் சபையையே கை தூக்க வைத்து, டி.வி. பார்ப்பதில்லை என்று பொருத்தனை செய்ய வைத்தவர். "பொய்யப் பாத்து அழறவன் மெய்யப் பாத்து அழமாட்டான்" என்று அன்றைக்குப் பிரசங்கமேடையே அதிரும்படி முழங்கினார். அதோடு விட்டாரா? யூனிட் ஏறின வீட்டு வாசலில் நின்று, "என்னக்கா, வீட்டுக்குப் புது விருந்தாளி வந்திருக்காரோ?" என்று கேட்பார். பாவம், இஸ்திரிப்பெட்டி வாங்கினவர்கள்கூட அவருக்குப் பயந்து நடுங்கினார்கள். அவருடைய வீட்டு மீட்டர் மட்டும் வழக்கத்துக்கு மேல் ஒரு யூனிட்கூட ஏறியதில்லை என்பதில் மனிதருக்கு அலாதிப் பெருமை.

நோட்டை நீட்டினார். "இவங்கள்லாம் யாரும்மா? எங்க இருக்காங்க?"

வாசித்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, நடப்பது நடக்கட்டும் என்று ரிமோட்டை எடுத்து அமுக்கினாள். திரையில் ஒரு நிறைமாதப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"இவதாண்ணே மூத்த மருமக. மத்தவங்களும் இதுலதான் வருவாங்க."

ஒன்றரை மாதமாக ஒரு சீரியலுக்கு ஆமென் சொல்லியிருக்கிறார்! கோபம் வந்திருக்க வேண்டும். மனசுக்குள் தேடித்தான் பார்த்தார், அதுவும் அங்கே இல்லை.

"எவ்வளவு நாளா?"

"ஆறு வருஷமா."

"ஜெபம்னுல்ல சொல்லிட்டு வருவா."

"பொய் சொல்லலண்ணே. அரை மணி நேரம் இதப் பாப்போம். அப்புறம் முழங்கால் போட்டு ஜெபிப்போம். நடிக்கிறவங்களுக்குப் போயி எதுக்குக்கான்னு நானும் கேட்டிருக்கேன். 'இவ இல்லன்னா என்ன, இதே வலியோட எவளாவது ஒருத்தி எங்கயாவது இருப்பா. கர்த்தருக்கு விலாசம் தெரியும்'னாங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் நாடாவைக் கழற்றி விரலில் சுற்றியபடி, தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "இந்த மருமகளுக்கும் மூணு தடவ கலைஞ்சுபோச்சுண்ணே. அதான் அக்கா இவளப் பாத்து அப்படி அழுவாங்க. வீட்ல அழுதா, கர்த்தருடைய சித்தம்னு சொல்லி நீங்க எந்திரிச்சுப் போயிடுவீங்களாம்."

மூன்று தடவையும் அவர் அதைத்தான் சொன்னார். மூன்றாவது தடவை, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வேலைக்குப் போய், அன்றைக்கு எடுக்க வேண்டிய மீட்டரையெல்லாம் எடுத்து முடித்துவிட்டுத்தான் திரும்பினார். மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

அன்றைக்கு அரை மணி நேரமும் பார்த்தார். அடுத்த நாளும் வந்தார். தையல்காரி ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்துக்கொண்டே கூட உட்கார்ந்து பார்த்தாள். கதை ஜவ்வாக இழுத்தது. ஒரு வலிக்கு மூன்று நாள், நடுநடுவே சோப்பு விளம்பரம். பின்னணியில் இசை குமுறினாலும் அவருக்குள் ஒன்றும் அசையவில்லை. மாமியாராக வருகிறவளுக்கு நடிப்பு வரவில்லை என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் இரண்டரை மணிக்குக் கால் தானாக அங்கே கொண்டுபோய் விட்டது. சீரியல் முடிந்ததும் இருவரும் முழங்கால் போட்டார்கள். நோட்டிலிருந்ததை அவர் வாசித்தார், அவள் ஆமென் சொன்னாள்.

எட்டாம் நாள் பிள்ளை பிறந்தது. முதலில் அழவில்லை. நர்ஸ் தலைகீழாகத் தூக்கித் தட்டினாள், மருமகள் தலையைத் தூக்கிப் பார்த்தாள், அதோடு அன்றைய பகுதியை முடித்துவிடுவார்களோ என்று அவர் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். பிறகு வீறிட்டது. தையல்காரி கைதட்டினாள். அவர் ஜெபத்துக்குக்கூட நிற்காமல் எழுந்து செருப்பை மாட்டினார். மீதித் தெருவை அப்படியே விட்டுவிட்டு, வேகுவேகென்று வீட்டுக்கு நடந்து, கதவைத் திறந்து சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இந்தா, பிள்ளை தங்கிருச்சு. பொம்பளப் பிள்ளை. நல்லா அழுவுது."

பதிலுக்காக நின்றார். அவள் கேட்டால் எவ்வளவு சந்தோஷப்படுவாள்! ஆறு வருடம் கேட்ட ஜெபம். சொன்னதைத் திரும்பவும் ஒருமுறை சொன்னார். பிறகு சமையலறை நிலையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார்.

முதல் பிள்ளைக்காக அழுதார். அதற்கு ஒரு பேர்கூட யோசித்ததில்லை. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் தனித்தனியாக அழுதார். அவளுடைய முறை வந்தபோது வெளியே பொழுது சாய்ந்துவிட்டிருந்தது.