படி எடுத்தவள்

குளிப்பாட்டுவதற்காகச் சிவசைலத்தை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, கோமு உள்ளறையில் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு காகிதக் கட்டை ஒளித்துவைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் செத்த அன்றைக்குமா இந்தத் திருட்டு வேலை என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

எல்லாம் அவருடைய அண்ணனால். காலையில் வந்ததும் வாசலிலேயே சொல்லிவிட்டார். "பாரதத்தைப் பழிச்சு எழுதுன எழவு அது. அவங்கூடயே வச்சுக் கொளுத்திரும் வே."

சரித்திர வாத்தியாரான சிவசைலம் பழித்தெல்லாம் எழுதவில்லை. பாரதத்தில் நிலம் யாரிடம் இருந்தது, காட்டை இழந்தவர்கள் யார் என்று பதினெட்டு வருஷம் தோண்டினார். அரக்கு மாளிகையைத் தாண்டத்தான் அவருக்கு மனசு வரவில்லை. ராஜகுமாரர்கள் ஐந்து பேரும் தாயோடு சுரங்கம் வழியாகத் தப்பித்துப் போக, விருந்துக்கு வந்து தூங்கிப்போன வேடத்தியும் அவளுடைய ஐந்து பிள்ளைகளும் உள்ளே எரிந்தார்கள். அந்த ஆறு பிணத்தைப் பார்த்துத்தான் ராஜகுமாரர்கள் செத்ததாக ஊர் நம்பியது. 'அவளுக்கு ஒரு பெயர் வைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை' என்று எழுதியிருந்தார்.

அந்த வரியைக் கோமு மூன்று முறை படி எடுத்திருக்கிறாள். அவருக்குக் கை நடுங்கும். அறுநூறு பக்கமும் அவள் கையெழுத்துதான். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் விரல் மரத்துப்போகும்வரை எழுதுவாள்.

முன்னுரையும் அப்படித்தான், அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். நூலகர், சைக்கிள் கடைக்காரர், கூட வேலை பார்த்த ஜேசுதாசன் என்று ஒவ்வொருவருக்கும் பேர் சொல்லி நன்றி. கடைசி வரி, 'படி எடுத்து உதவியது வீட்டில்.' பெண்டாட்டியை 'வீட்ல' என்று சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். அதையும் பேனாவைக் கீழே வைக்காமல் எழுதி முடித்தாள். செத்தவர்மேல் அந்தக் கோபம் இன்னும் அப்படியே இருந்தது.

ஜேசுதாசன் புறவாசல் வழியாக வந்தார்.

"எங்கன இருக்கு மைனி? சத்தமில்லாம எடுத்துக் குடுங்க. நான் பாளையங்கோட்டைக்குக் கொண்டு போயிருதேன். தொண்ணூத்தாறாம் வருசம் பொறந்ததும் அச்சாயிரும்."

காகிதக் கட்டை எடுத்து அவர் பைக்குள் வைத்தாள். பையை விடவில்லை.

"கடைசி வரியில 'வீட்டில்'னு இருக்குல்லா? அங்கன என் பேரைப் போடணும்."

"அதுக்கென்ன மைனி, கட்டாயம் போட்டுருவோம்."

மேலே இருந்த தாளில் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார். இருபது வருஷம் அவள் கையால் காப்பி குடித்த மனிதர். மூடியைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றார்.

"தப்பா நெனைச்சுக்கிடாதீங்க. உங்க பேரு என்ன?"

அவள் சொன்னாள். அதே நேரம் வாசலில் சங்கு ஊதினார்கள்.

"கோமு" என்று மறுபடி சத்தமாகச் சொன்னாள்.

"ஏ மைனி, வாய்க்கரிசி போட வாங்க!" என்று நாத்தனார் வந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

ஜேசுதாசன் புரிந்தவர்போலத் தலையாட்டி, அந்த இரண்டெழுத்துப் பேருக்குத் தாளின் ஓரத்தில் ஐந்தாறு எழுத்துகள் எழுதிக்கொண்டார்.