தெரியாது என்றொரு கடிதம்

டொக்டர் சிவரூபி ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். விஜயலெட்சுமி படத்தைப் பார்க்காமல் டொக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடமாக இப்படி முகம் பார்த்தே பழகிவிட்டது. முதலில் பார்த்த டொக்டர் காதில் கோளாறு என்றார். அடுத்தவர் ஒற்றைத் தலைவலியில் இதுவும் ஒரு வகை என்றார். இன்னொருவர் மூளை நரம்பு நோயாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டு, ஆறு மாதம் கழித்து, இருக்காது என்றார். அந்த ஆறு மாதமும் அவள் மனதுக்குள் தன் சாமான்களை யார் யாருக்குக் கொடுப்பது என்று பிரித்துக்கொண்டிருந்தாள். சும்மா நிற்கும்போதே காலடி மண் நழுவுவதும், இடது கழுத்திலிருந்து விரல் நுனிவரை காந்துவதும் மட்டும் நிற்கவேயில்லை.

"படத்தில ஒண்டும் இல்லையம்மா" என்றார் டொக்டர்.

பின்னால் நின்ற அவள் கணவன் முருகையா பெருமூச்சு விட்டான். அவளுக்கு அது நல்ல சேதியாக இல்லை. போன கிழமை செங்குத்து மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது தலை சுற்றி, கூடையோடு வடிகால் கானுக்குள் விழுந்திருந்தாள். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அழகையா, "என்ன வருத்தம்னு அந்த நோயோட பேர டொக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. இல்லாட்டி வேலையில இருந்து ஒம் பேர வெட்டிக்க" என்று சொல்லிவிட்டார். முருகையாவுக்குத் தோட்டத்துக்கு வெளியே, ஹாலிஎலயில் மேசன் வேலை. தோட்டம் கொடுத்த லயத்து வீடு அவள் பேரில்தான் இருக்கிறது; அவள் வேலை போனால் வீடும் போகும்.

"அப்ப எனக்கு என்ன வருத்தமுங்க?"

டொக்டர் படத்தைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியேல்லை."

இந்த வார்த்தையை இதுவரை எந்த டொக்டரும் அவளிடம் சொன்னதில்லை.

"நான் பொய் சொல்றேன்னு நெனைக்கிறீங்களா?"

"இல்லை. தலையைத் திருப்பேக்க உங்கட கண் ஆடினதை நான் பாத்தனான். சுத்துறது உண்மை, நோவும் உண்மை. ஏனெண்டுதான் பிடிபடேல்லை."

விஜயலெட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அத அப்பிடியே எழுதித் தாங்க."

முருகையா அவள் தோளைத் தொட்டான். "தெரியலன்னு எழுதுனா யாரு புள்ள நம்புவா?"

"எழுதட்டும். தெரியலன்னும் எழுதுங்க, உண்மைன்னும் எழுதுங்க. செங்குத்து மலைக்கு அனுப்பக்கூடாதுன்னும் எழுதுங்க டொக்டர். மத்த வேலயெல்லாம் நான் செய்வேன்."

டொக்டரின் பேனா கொஞ்ச நேரம் தாளுக்கு மேலேயே நின்றது. பிறகு ஒரு பக்கம் முழுக்க எழுதினார். திரும்பி வரும்போது பஸ் வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து ஏறியது. அவள் முன் இருக்கைக் கம்பியை இறுகப் பிடித்தபடி, தூரத்து மலை விளிம்பிலேயே கண்ணை நிறுத்தியிருந்தாள். இதை யாரும் சொல்லித்தரவில்லை, அவளாகக் கண்டுபிடித்த வழி.

"பயமா இல்லியா?" என்று கேட்டான் முருகையா.

"இருக்கு. ஆனா இனி பேருக்காகக் காத்துக்கிட்டு ஒக்காந்திருக்க மாட்டேன்."

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், எல்லோருக்கும் முன்னால் கடிதத்தைக் கொடுத்தாள். அழகையா இரண்டு தரம் படித்தார்.

"இதுல வருத்தத்தோட பேரே இல்லியே?"

"டொக்டருக்கே தெரியலைங்க ஐயா. ஒங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க, எழுதிக்கிறோம்."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அழகையாவின் காது சிவந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குள் போனவர், வெகுநேரம் கழித்து வந்தார். "ஆத்தோரத்துக்குப் போ. மாசக் கடைசி வரைக்கும் பாப்போம்னு சொல்றாங்க."

மாசக் கடைசிக்குப் பிறகு என்ன என்று அவர் சொல்லவில்லை. அவள் கூடையை எடுத்து மாட்டிக்கொண்டாள். அன்றைக்கு இது போதும் என்றிருந்தது.

ஆற்றோரத்து மட்டமான துண்டில், பத்து மணிபோல தலைச்சுற்று வந்தது. விஜயலெட்சுமி கூடையை இறக்கி, செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து, உள்ளங்கையை ஈரமண்ணில் ஊன்றிக் கண்ணை மூடினாள்.

பக்கத்து நிரையிலிருந்து பாக்கியலெட்சுமி எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, ஆளக் கூப்பிடவா?"

"வேணாம். நீ பறி. வந்தா போயிரும்."

கண்ணைத் திறந்தபோது ஓர் அட்டை அவள் மணிக்கட்டில் ஏறியிருந்தது. பின்முனையை ஊன்றி, உடம்பைத் தூக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துழாவிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சுண்டிவிட்டு, செடியைப் பிடித்து எழுந்து, கைக்கெட்டிய கொழுந்தைக் கிள்ளினாள்.