எல்லாமே மக்கான்

என் கணவர் யுகேந்திரன் எங்கள் வங்கிக் கணக்கை ஒரு பட்ஜெட் செயலியோடு இணைத்தார். மாதச் செலவெல்லாம் தானாகவே வந்து விழுந்தது, முக்கால்வாசி சாப்பாட்டுப் பகுதியில்.

“என்னா புஷ்பா, இவ்ளோவா சாப்புட்டோம்?”

பணம் அனுப்பினால் எதற்கு என்று வங்கி கேட்கும். ஈப்போவில் யார் அதற்கெல்லாம் உட்கார்ந்து யோசிப்பார்கள்? டயரோ கோயிலோ, சாப்பாட்டுக்கான மலாய்ச் சொல்லான ‘மக்கான்’ என்றே தட்டிவிடுவேன்.

“இனிமே உள்ளத போடு லா!” என்று கத்தினார். போட்டேன்.

அடுத்த மாதம் ஒரு வரியில் அவர் விரல் நின்றது: ‘பவித்ரன் மருந்து’. சித்தியவானில் இருக்கும் அவருடைய தம்பி. இருவருக்கும் பல வருடங்களாகப் பேச்சில்லை.

செயலியை மூடினார்.

“அடுத்த மாசம் கொஞ்சம் கூட்டி அனுப்பு” என்றார். “ஆனா மக்கான்னே போடு.”