கழுவிய மண்

மண்ணைக் கழுவிக் காயவைத்த மனுஷியைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். என் கூடப் பிறந்த அக்காதான்.

அவள் மகளுக்கு நாலு வயசு. விரலில் பிசுக்கு பட்டால் போச்சு, வீடு இரண்டாகும். பென்சில் கையில் நிற்காது, சட்டைப் பொத்தான் போட வராது. பள்ளிக்கூடத்தில் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்று அக்காவுக்குத் தூக்கமே போயிற்று. கைப்பயிற்சி டீச்சர் சொன்னது ஒன்றுதான்: மண், மாவு, சாயம் எதிலாவது தினமும் ஆசைதீர அளையட்டும். விரலுக்குப் பலம் வரும், கூச்சமும் போகும்.

அக்கா சிரத்தையாகத்தான் செய்தாள். கொடுமையே அதுதான். கூடம் முழுக்கப் பிளாஸ்டிக் விரிப்பு, பிள்ளைக்கு மழைக்கோட்டு. சாயத்தை ஒரு பைக்குள் ஊற்றி, வாயை ஒட்டி, மேலாக அமுக்கச் சொன்னாள். மண்ணைச் சலித்து, கிருமி மருந்து விட்டு அலசி, மொட்டைமாடியில் உலர்த்தினாள். இதற்கு டிவியிலேயே மண்ணைக் காட்டிவிடலாமே என்றேன். பெற்றுப் பார், தெரியும் என்றாள்.

அடுத்த மாதம் டீச்சரிடம் போனோம். கொழகொழவென்று கரைத்த மாவுத் தட்டை அவர் மேசைமேல் வைத்தார். உள்ளே மணிகள் கிடந்தன, தேடி எடுக்கணும். எங்கள் குட்டி மகராசி தட்டைத் தொடவே இல்லை. பக்கத்தில் கிடந்த ஈரத்துணியை எடுத்தாள். மேசையைத் துடைத்தாள், துணியை முறுக்கிப் பிழிந்தாள், முனையோடு முனை வைத்து மடித்தாள். பிடிமானம் அருமையாக வந்துவிட்டது என்று டீச்சரே அசந்துபோனார். பார்த்தாயா என்பது போல அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கையை உள்ள விடேன் கண்ணு, ஏன் மாட்டேங்கிற?" என்று டீச்சர் கேட்டார்.

பிள்ளை அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ரகசியம் மாதிரி சொன்னாள்: "அம்மாவுக்குப் பயம்."

என் சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையையும் மணிக்கட்டு வரை மாவுக்குள் விட்டாள். பாவம், எனக்கே அழுகை வந்தது.

பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்தாள். நாற்காலியில் ஏறி நின்றாள். சட்டைக்கையைக்கூடச் சுருட்டாமல் மாவுக்குள் கையை விட்டு, துழாவி, அம்மாவின் விரலைப் பற்றிக்கொண்டாள்.

"பயப்படாதம்மா, நான் பிடிச்சிருக்கேன்ல."