கடைசி பெஞ்சின் ஆழம்

கருங்காணிப்பட்டி உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பின் கடைசி பெஞ்ச், பள்ளி திறந்த இரண்டாவது வாரம் கணக்குப் பாடவேளையில், உட்கார்ந்திருந்த இரண்டு பிள்ளைகளோடு நாலு விரற்கடை தரைக்குள் இறங்கியது. பெஞ்ச் உடையவில்லை, யாரும் விழவில்லை. அதன் கீழே இருந்த தரை மட்டும் தாழ்ந்துகொடுத்தது. இலுப்பூர்ப் பக்கத்து மண்ணை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். மேலே கொஞ்சம் சரளை, கீழே பாறை. கிணறு தோண்ட வேண்டுமானால் கம்ப்ரசரும் வெடியும் கொண்டுவர வேண்டிய பூமி அது. அந்தப் பூமி ஒரு வாத்தியாரின் வாய்ச்சொல்லுக்கு இறங்கியது.

சொன்னவர் கணக்கு வாத்தியார் ரத்தினவேல். தங்கமான மனுஷன் என்று ஊரே சொல்லும், அதில் பொய்யில்லை. லீவு போடமாட்டார், சனிக்கிழமையும் ஸ்பெஷல் கிளாஸ் வைப்பார், எந்தப் பிள்ளை மேலும் கை வைத்ததில்லை. கம்பு எடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தபோது மற்ற வாத்தியார்கள் முணுமுணுத்தார்கள். அவருக்குக் கம்பு தேவைப்படவே இல்லை, வாய் போதுமாக இருந்தது. முதல் பெஞ்சில் இருக்கும் அரிசி மில்காரர் மகன் ரகுநாத் தப்பாகப் போட்டால், "அவசரப்படாத தம்பி, இன்னொரு தடவ பாருப்பா" என்பார். அதே தப்பைக் கடைசி பெஞ்ச் காவ்யா செய்தால், "ஒனக்கெல்லாம் எதுக்குடி படிப்பு? நாளைக்குக் கல்லொடைக்கத்தான போகப்போற" என்பார். காவ்யாவின் அப்பா நாகராசு குவாரியில் கல் உடைக்கிறவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அய்யப்பனின் அப்பா ஆடு மேய்க்கிறவர் என்பதால் அவனுக்குக் கல்லுக்குப் பதில் ஆடு வரும். ரோஷம் வந்தால் படித்துவிடுவார்கள் என்பது ரத்தினவேலின் கணக்கு. அவர் போட்டதில் தப்பாகப் போனது அந்த ஒரு கணக்குதான்.

அவர் அப்படிச் சொன்ன ஒவ்வொரு முறையும் தரை கொஞ்சம் இறங்கியது. எஞ்சினியர் ஒருவர் வந்து டேப் வைத்து அளந்துவிட்டு, கட்டடம் பழசு, மண் அமுங்குகிறது என்று சொல்லிப் போனார். இரண்டு டிராக்டர் கிராவல் கொட்டினார்கள், அதுவும் சேர்ந்து இறங்கியது. ஆவணி பிறந்தபோது பிள்ளைகளின் தலைமுடி மட்டுமே மேலே தெரிந்தது. தலைமையாசிரியர் பெற்றோர் சங்கத்தில் பேசி ஒரு இரும்பு ஏணி வாங்கிப்போட்டார். இருவரும் காலையில் இறங்கி, சாயங்காலம் ஏறி வீட்டுக்குப் போனார்கள். பெரிய அதிகாரி பார்வையிட வந்த அன்று குழியின் மேல் பலகை போட்டு ஜமுக்காளம் விரித்து, அதன்மேல் பூச்சட்டிகளை வைத்தார்கள். உள்ளே இருவரும் இருமல்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி வகுப்பின் அமைதியைப் பாராட்டி எழுதிக் கொடுத்தார்.

காவ்யாவின் அம்மா செவந்தி ஒருநாள் பள்ளிக்கு வந்து ரத்தினவேலிடம், "சார், அந்தச் சொல்ல மட்டும் சொல்லாதீங்க. பிள்ள கீழ போய்க்கிட்டே இருக்கா" என்றாள். அவர் உண்மையிலேயே மனம் நொந்துபோனார். "நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். ஆறாவது சேக்கிறப்ப நீங்க என்ன சொன்னீங்க, யோசிச்சுப் பாருங்க" என்றார். செவந்திக்கு ஞாபகம் இருந்தது. கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போயிருந்தாள். அந்த ஊரில் எல்லோரும் அப்படிச் சொல்லித்தான் பிள்ளையை ஒப்படைப்பார்கள். இப்போதும் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனாள்.

ஐப்பசியில் தமிழ் எடுக்கத் தற்காலிகமாக பிளெஸ்ஸி டீச்சர் வந்தார். ஜெகதாப்பட்டினத்துக்காரர். சின்ன வயதில், மீன்பிடிக்கப் போய் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட அப்பா வருவார் வருவார் என்று மாதக்கணக்கில் காத்திருந்து பழகியவர். அதனாலோ என்னவோ, ஒரு பிள்ளை பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தாலும் காத்திருப்பார். குழியின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, "காவ்யா, ஒனக்கு என்ன தோணுது? யோசிச்சுச் சொல்லும்மா, நான் இங்கிட்டுத்தான இருக்கேன்" என்பார். முதல் வாரம் கீழிருந்து சத்தமே வரவில்லை. இரண்டாவது வாரம் காவ்யா ஒரு வரி சொன்னாள், தரை ஒரு முழம் ஏறியது. அய்யப்பனும் வாய் திறந்தான், இன்னொரு முழம். கார்த்திகை முழுக்க அந்த பெஞ்ச் தமிழுக்கு ஏறுவதும் கணக்குக்கு இறங்குவதுமாக இருந்தது. ஏறியது கொஞ்சம் கூடுதலாகவே இருந்ததால், பத்தாவது எழுதி முடித்து நர்சுக்குப் படிக்கப் போவதாகக் காவ்யா வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். தையில் நிரந்தர ஆசிரியர் வந்துவிட்டார். அவர் நோட்ஸ் கொடுத்தார். பிளெஸ்ஸி டீச்சர் பஸ் ஏறினார்.

மாசியில் மாடல் தேர்வுத் தாளைக் கொடுத்த அன்று ரத்தினவேல் வழக்கமான வாக்கியத்தை ஒரே மூச்சில் பலமுறை சொன்னார். பெஞ்ச் ஏணிக்கு எட்டாத ஆழத்துக்குப் போனது. அன்று சாயங்காலம் இருவரும் வீட்டுக்கு வரவில்லை. மறுநாளிலிருந்து செவந்தி தூக்குவாளியில் சோறு போட்டுக் கயிற்றில் இறக்கினாள். அய்யப்பனுக்கும் அதில்தான்.

பொதுத்தேர்வு அன்று காலை ஊர் ஆட்கள் இரண்டு ஏணியைச் சேர்த்துக் கட்டி இறக்கினார்கள். காவ்யா முதலில் ஏறத் தொடங்கினாள், அய்யப்பன் கீழே காத்திருந்தான். பாதியில் ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மணி அடிக்கப் போகிறது. மகள் இதைவிட்டால் குவாரிக்குத்தான் போவாள் என்று செவந்தி பயந்தாள். "ஏறித் தொலைடி சனியனே, ஒனக்கெல்லாம் எதுக்குடி படிப்பு" என்று கத்திவிட்டாள். ஏணியோடு தரை ஓர் ஆள் உயரம் இறங்கியது. எட்டிப் பிடிக்க நீட்டிய கைகள் வெறுமனே நீண்டிருந்தன. செவந்தி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். இத்தனை வருடம் வீட்டிலும் அதைச் சொல்லிவந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

தேர்வு எழுதிய எல்லோரும் தேறினார்கள். நூறு சதவீதம் என்று வாசலில் ஃபிளெக்ஸ் வைத்து, ரத்தினவேலுக்குச் சால்வை போர்த்தினார்கள். எழுதாதவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். கோடை விடுமுறையில் குழியைக் கருங்கல் பலகையால் மூடி, தூக்குவாளி போகிற அளவுக்கு ஓர் ஓட்டை விட்டு, அதன்மேல் புதுப் பத்தாம் வகுப்பின் கடைசி பெஞ்சைப் போட்டார்கள். புதிதாக இரண்டு பிள்ளைகள் அதில் வந்து உட்கார்ந்தார்கள்.

செவந்தி நாள் தவறாமல் மத்தியானம் வந்து சோறு இறக்கினாள். மகளோடு பேசமாட்டாள், வாய்க்குப் பயந்து. புரட்டாசியில் ஒருநாள் ஓட்டை வழியே காவ்யாவின் குரல் கேட்டது. "அய்யப்பா, ஒனக்கு என்ன தோணுது? யோசிச்சுச் சொல்லு, நான் இங்கிட்டுத்தான இருக்கேன்." வெகுநேரம் கழித்து அவன் ஏதோ சொன்னான். காலடியில் கல் பலகை ஒரு விரல் உயர்ந்ததைச் செவந்தி உணர்ந்தாள். அன்றைக்குத்தான் அவளும் குனிந்து, ஓட்டையில் வாயை வைத்து, "ஒனக்கு என்ன வேணும் தாயி, சொல்லு" என்று கேட்டாள். அழுகையில் பாதிதான் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு கீழே தரை மாதாமாதம் ஏறுகிறது, கூடவே பலகையும் கொஞ்சம் உயர்கிறது. அப்படி உயரும்போது கடைசி பெஞ்ச் மற்ற பெஞ்சுகளைவிட மேலே தெரிகிறது. வரிசை ஒன்றாக இருக்க வேண்டும் என்று ரத்தினவேல் தச்சரைக் கூப்பிட்டு, அந்த பெஞ்சின் கால்களை அந்த அளவுக்கு அறுக்கச் சொல்கிறார். புதுப் பிள்ளைகள் இப்போது ஏறக்குறையக் கல்லின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். செவந்திக்குக் கயிறு மிச்சமாகிறது. மிச்சத்தைக் கையில் சுற்றிக்கொண்டு, வெறும் தூக்குவாளியோடு வீட்டுக்குப் போகிறாள்.